புளியில்லாப் புளிச்சோறு

நாள் 212. நேரம் 06:50. தென்குழி நிலையம், உணவுக் காப்பறை

உறைகாப்பு: சுழியத்துக்குக் கீழ் இருபத்திரண்டு பாகை. குளிர்காப்பு: மூன்று பாகை. உலர்காப்பு: பத்தொன்பது பாகை. மூன்றும் வரம்புக்குள் உள்ளன.

தள்ளியவை: திறந்து ஐந்து நாளான தக்காளிக் குழைவு, ஒரு குப்பி. ஓரம் கசிந்த பருப்புப் பை, இரண்டு.

இவ்வேட்டைக் கண்டெடுப்பவர் யாராயினும் அறிக. என் பெயர் பூங்கோதை. நிலவின் தென்முனையில் உள்ள இச்சிறு நிலையத்தின் உணவுக் காப்பு அலுவலர். நாங்கள் ஐவர். எங்களுள் மூவர் நாள் 203 அன்று பனிக்கட்டி தோண்டும் களத்துக்குப் புறப்பட்டனர்: நிலையத் தலைவர் சுடலைமுத்து, துளைப்பொறியை இயக்கும் மாடத்தி, ஊர்தி ஓட்டும் மீரான். களம் ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவு. பணி பதினான்கு நாள். இங்கே எஞ்சியோர் நானும் சமையலர் சேசுராசனும்.

அலுவல் பதிவேடு மின்னேடு. புவியிலுள்ள தரையகம் அதைப் படிக்கும், வேண்டியபோது திருத்தும். இது தாளேடு. இதைத் திருத்த வேண்டுமானால் அவர்கள் இங்கே வரவேண்டும்.

என் பணி எளிது. எந்த உணவு எந்த வெப்பத்தில் எத்தனை நாள் நிற்கும் என ஆய்ந்து, பையின்மேல் நாள் குறித்து முத்திரை இடுவேன். முத்திரை இருந்தால் உண்ணலாம். இல்லையேல் குப்பை. ஐயம் எழுந்தாலும் குப்பை.

தக்காளியைத் தள்ளியது குறித்து உள்தொடர்பில் சமையலறையின் முறையீடு:

"டாக்டரம்மா, அஞ்சு நாளுன்னு தூக்கி எறிஞ்சிட்டியளா? எங்க ஊர்ல அஞ்சு நாளு ஆனாத்தான் கருவாட்டுக்கே மரியாத."

"கருவாட்டுல உப்பு இருக்கு அண்ணாச்சி. இந்தத் தக்காளியில என்ன இருக்கு?"

"நான் வச்ச பிரியம் இருக்கும்மா. அதெல்லாம் ஒங்க மெசினுக்குத் தெரியாது."

நாள் 212. நேரம் 11:30. காப்பறை

நிலையத்தை விட்டு வெளியே செல்லும் ஒவ்வொரு சமையலிலும் ஒரு பையை நான் நிறுத்திக்கொள்வேன். ஊர்தியின் உள்ளே நிலவும் அதே முப்பது பாகை வெப்பத்தில் அதை வைத்திருப்பேன். வெளியே அவர்கள் உண்பதற்கு நேர்வதே இங்கே இதற்கும் நேரும். இது சான்றுப் பை.

களத்துக்குச் சென்ற புளிச்சோற்றின் சான்றுப் பை இன்று உப்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுகிறது. உள்ளே ஏதோ ஒன்று உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

புளிச்சோறு! எந்தத் தமிழனும் ஐயுறாத உணவு. தொலைவழி செல்வோர் காலங்காலமாகக் கட்டி எடுத்துச் சென்ற சோறு. அதைக் காப்பது குளிர்பெட்டி அன்று, புளியின் அமிலம். அமில எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். அந்த எண் நான்கரைக்குக் கீழ் நின்றால், காற்றில்லாப் பைக்குள் முளைக்கும் கொடிய நுண்ணுயிர் தலைதூக்காது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. புளி ஒன்றே அவற்றை உறங்க வைக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் காற்றை உறிஞ்சி மூடிய பைகளின்மேல் "பதினான்கு நாள், குளிரூட்டல் வேண்டா" என முத்திரை இட்டேன். நாற்பத்திரண்டு பைகள். நாற்பத்திரண்டு முத்திரைகள்.

பையைக் கையுறையுடன் கவசப் பெட்டிக்குள் திறந்து அளந்தேன். அமில எண் ஐந்தே முக்கால். அளவியைச் சரிபார்த்து மறுபடியும் அளந்தேன். ஐந்தே முக்கால். மூன்றாம் முறையும் அதுவே.

உள்தொடர்பில் சேசுராசனை அழைத்தேன்.

"அண்ணாச்சி, புளிச்சோத்துக்கு எவ்வளவு புளி கரைச்சீங்க?"

"புளியா? புளி எங்கம்மா இருக்கு? போன கப்பல்ல வந்தது பூராம் பொடிதான. டப்பாவுல புளின்னுதான் போட்டுருக்கு. ஒரு சிட்டிகை போட்டா ஒரு பானை சோறு புளிக்கி. நாக்குல வச்சுப் பாத்தேன், பழம்புளி கணக்கா சுள்ளுன்னு இருந்துச்சி. ஏம்மா, உப்புக் கூடிப்போச்சோ?"

தகரக் குப்பியை வாங்கிவந்து பின்புறம் திருப்பினேன். எறும்புக் கால் அளவில் எழுத்து: "புளிச்சுவைத் தூள். எடைக் குறைப்புக்காகப் புளிக்கு மாற்று."

நாவுக்குப் புளிப்பு; பையினுள் புளிப்பு இல்லை. நாற்பது கிலோ புளியை ஏற்றாமல் நானூறு கிராம் பொய்யை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பொருளை மாற்றியவர்கள் நாள் கணக்கை மாற்றவில்லை! அட்டவணையில் இன்றும் அதே பதினான்கு. சுவைக்காகவா என் மக்கள் புளி கரைத்தார்கள்? அது பாதுகாப்பு. சுவையாக நமக்குத் தெரிந்தது காவல் என்பதை ஓர் அறைக்குள் அமர்ந்து எடை பார்த்த எவனும் கேட்டறியவில்லை.

நானும் குப்பியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதையும் எழுதுகிறேன். புளிச்சோறு என்ற பெயரைக் கேட்டதும் அளவியைக் கையில் எடுக்காமல் முத்திரையை எடுத்தவள் நான்.

நாள் 212. நேரம் 14:10. காப்பறை

நச்சறி பட்டை இரண்டு இருந்தன. ஒன்றைச் சோற்றில் தோய்த்தேன். இரண்டு கோடுகள். நஞ்சு உண்டு.

இந்நஞ்சுக்கு மணம் இல்லை, சுவை இல்லை. உண்டவர் ஒரு நாளோ நான்கு நாளோ நலமாக இருப்பார். பிறகு கண். ஒன்று இரண்டாகத் தெரியும், இமை தாழும். பிறகு நாக்கு, தொண்டை. பிறகு மார்பு. மூச்சை இழுக்கும் தசைகள் ஓயும்போதும் அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாவார்.

எல்லாப் பைகளிலும் நஞ்சு இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் இருந்தால் போதும். பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் நஞ்சு அழியும். களத்து ஊர்தியின் சூட்டுப்பெட்டியோ அறுபது பாகையோடு நின்றுவிடும், மின்சாரச் சிக்கனம்.

நச்சுமுறி மருந்து இந்நிலையத்தில் இரண்டு குப்பி. வெளியே இருப்போர் மூவர்.

களத்தோடு நேரே பேச எனக்கு வழியில்லை. அவர்கள் பேசுவதை நான் கேட்கலாம். நான் பேசினால் அது தரையகத்துக்கே செல்லும், அவர்கள் விரும்பினால் களத்துக்கு அனுப்புவார்கள். எச்சரிக்கையை அனுப்பச் சொன்னேன். உணவுப் பிரிவு இயக்குநர் தயாபரன் மறுமொழி சொன்னார்.

"டாக்டர் பூங்கோதை, பதறாதீங்க. அந்தத் தூளுக்கு ருசி ஆய்வு பண்ணியாச்சு. நூத்துக்கு தொண்ணூத்தாறு பேர் வித்தியாசமே தெரியலன்னாங்க."

"ருசியைக் கேக்கல சார். அமிலத்தைக் கேக்கறேன். பட்டையில நஞ்சு தெரியுது."

"அந்தப் பட்டையோட நம்பர் இங்க இருக்கு. மூணு மாசம் முன்னாடியே காலாவதி. காலாவதியான பட்டைய வச்சுக்கிட்டு முடிவு சொல்றது உங்க படிப்புக்கு நல்லாவா இருக்கு? துளை பனிக்கட்டியத் தொட நாலு நாள்தான் பாக்கி. இப்பக் கௌம்பச் சொன்னா துளைப்பொறி உள்ளயே உறைஞ்சிடும். ஒரு பை உப்பினதுக்காக அவங்கள கலவரப்படுத்த முடியாது."

காலாவதி! அச்சொல்லை எவன் வாயிலிருந்து கேட்கிறேன்! முட்டைப் பொடியின் பன்னிரண்டு திங்களை ஒரே மடலில் பதினெட்டாக நீட்டிய கை அது. நாங்கள் விழுங்கும் பண்டத்துக்கு நாளை இழுப்பான். அவன் குற்றத்தைக் காட்டும் பட்டைக்கு நாளைச் சுருக்குவான். சோறு கெட்டாலும் நாள் கெடவில்லை என்பான். சான்று மெய்யானாலும் நாள் கடந்தது என்பான். அவனுக்கு நாள்காட்டி என்பது நாங்கள் பிழைப்பதற்கன்று, அவன் தப்புவதற்கு.

நாள் 212. நேரம் 18:20. தொடர்பு மேடை

களத்திலிருந்து மாலை அறிக்கை. தரையகத்துக்குச் சுடலைமுத்து சொன்னதைக் கேட்டேன். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

"அறுபத்தொரு மீட்டர் எறங்கிட்டோம். மீரான் ஊர்தியத் தொடச்சித் தொடச்சிக் கண்ணாடியா ஆக்கிட்டான், பொண்ணு பாக்கப் போறவன் கணக்கா. மாடத்திக்கு மட்டும் கண்ணு கொஞ்சம் மக்கர். காலையிலருந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். ஒரு சொடலையையே தாங்க முடியல, ரெண்டு சொடலைன்னா நான் எங்க போவேன்னு கேக்கா. வெயிலு கண்ணாடியில அடிக்கில்லா, அதுதான். வாயி வறளுதுன்னா, தண்ணி குடிக்கச் சொல்லிருக்கேன்."

தரையகம்: "சரி, ஓய்வெடுக்கச் சொல்லுங்க. சிறப்பான பணி."

சிறப்பான பணி! ஒன்று இரண்டாகத் தெரிகிறது, வாய் வறள்கிறது. நான்கு மணி நேரம் முன்பு இவ்விரண்டு குறிகளையும் தயாபரனிடம் எழுத்தில் கொடுத்தேன். அதைப் படித்தும், தண்ணீர் குடிக்கச் சொன்ன சுடலைமுத்துவுக்கு ஆமாம் சொல்கிறார்கள். மேடையைக் குத்தினேன். கை வீங்கியது.

18:40. எனக்கென ஓர் அதிகாரம் உண்டு. நான் இட்ட முத்திரையை நானே திரும்பப் பெறலாம். தள்ளுபடி ஆணை உணவுக் கணக்கின் வழியே ஊர்தியின் சூட்டுப்பெட்டிக்குச் செல்லும், தரையகம் இடைமறிப்பதில்லை. அந்த எண் கொண்ட பையை வைத்தால் பெட்டி சிவப்பு விளக்கு எரித்து, சூடேற்ற மறுக்கும். ஆணையை அனுப்பினேன். பெட்டி ஏற்றதாகக் குறி வந்தது.

மாடத்திக்கு மருந்து வேண்டும். ஆயினும் இனி ஒரு கவளமும் உள்ளே போகாது. முத்திரையிட்ட கையே அதை அழித்தது.

நாள் 213. நேரம் 08:15. தொடர்பு மேடை

காலை அறிக்கை. சுடலைமுத்துவின் நாக்கு தடித்திருக்கிறது.

"மாடத்தி எந்திரிக்கல. இமை தொறக்க மாட்டேங்கு. மீரானுக்கும் முழுங்க முடியல. நேத்து ராத்திரி அந்தச் சூட்டுப்பெட்டி வேற செவப்பு வெளக்கப் போட்டுக்கிட்டு மக்கர் பண்ணிட்டு. வாரத்துக்கு ரெண்டு தடவ அதுக்குச் சாமி வரும். உப்புமா, கஞ்சி எல்லாம் சுடுதண்ணி இல்லாம ஆவாது, தூக்கி ஓரமா வச்சிட்டோம். புளிச்சோறு இருக்க என்ன கவல? கட்டுச்சோத்த எவன் சூடுபண்ணித் தின்பான்? ஆளுக்கு ரெண்டு பாக்கெட்டு கிழிச்சோம், தின்னோம்."

எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுக்கிறேன்.

கட்டுச்சோற்றை எவன் சூடுபண்ணித் தின்பான். எவனும் தின்னமாட்டான். எனக்குத் தெரியாதா? ஆறிய புளிச்சோற்றைத் தின்று வளர்ந்தவள்தானே நான்? சிவப்பு விளக்கைக் கண்டால் "நஞ்சு" என்று படிப்பார்கள் என எண்ணிய என் அறிவை எதால் அடிப்பது? பெட்டி பழுது என்றுதான் படித்தார்கள். சூடு வேண்டிய நல்ல உணவையெல்லாம் ஒதுக்கினார்கள். சூடு வேண்டாத ஒன்றிடம் சென்றார்கள். ஒரு பை உண்ண வேண்டியவர்களை இரண்டு பை உண்ண வைத்தது என் ஆணை.

தயாபரனை அழைத்தேன். அவர் பேச்சில் இப்போது பணிவு இருக்கிறது, அச்சம் இல்லை.

"மருத்துவக் குழு பாத்துட்டு இருக்கு. நீங்க நிலையத்த விட்டு நகரக்கூடாது. அனுமதியில்லாம தள்ளுபடி ஆணை அனுப்பினதால உங்க கணக்க நிறுத்தி வச்சிருக்கோம்."

சேசுராசன் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். என்னைக் கேளாமல் ஒலிவாங்கியைப் பற்றினார்.

"யோவ் சாரு, நாங்க போறோம். எங்கள நிறுத்தணும்னா நீரு வந்து டயருக்கு முன்னால படும்."

08:40. சிற்றூர்தியில் புறப்படுகிறோம். நச்சுமுறி இரண்டு குப்பி. கையால் அமுக்கி மூச்சூட்டும் பை இரண்டு.

நாள் 213. நேரம் 17:10. சிற்றூர்தி, களத்துக்கு எட்டு கிலோமீட்டர் முன்

களத்தோடு நேரடி அலை கிட்டியது, சுடலைமுத்து பேசினார். இவ்வளவு அருகில் தரையகம் குறுக்கே நிற்க இயலாது.

"யாரு... சேசுராசனா? வே, சோறு... கொண்டாந்தீரா?"

"சோத்தப் பத்திப் பேசாதயும் வே. புளிச்சோத்துல வெசம். தொடாதீய. மாடத்தி எப்பிடி?"

"மூச்சு... சின்னதா இருக்கு. மீரான் தூங்குதான். ரொம்ப நேரமாத் தூங்குதான்."

ஊர்தியை ஓட்டிக்கொண்டிருந்த சேசுராசன் என்னைப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

நாள் 213. நேரம் 18:40. தோண்டுகளம், பேரூர்தியின் உள்ளே

மீரான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே இறந்திருந்தார். வயது முப்பத்தொன்று. மடியில் கண்ணாடி துடைக்கும் துணி. காலடியில் இரண்டு வெறும் பைகள். இரண்டிலும் என் முத்திரை.

மாடத்தியின் மார்பு அசையவில்லை, நாடி இருந்தது. பையைப் பொருத்தி அமுக்கத் தொடங்கினேன். உதட்டின் நீலம் மெல்லக் குறைந்தது. நச்சுமுறி அவளுக்கும் சுடலைமுத்துவுக்கும் ஏற்றியாயிற்று. அது மேலும் பரவாமல் தடுக்கும். ஓய்ந்த தசையை எழுப்பாது. அது எழக் கிழமைகள் ஆகும். அதுவரை எவரேனும், எதுவேனும், அவளுக்காக மூச்சு விட வேண்டும்.

மூச்சூட்டும் பொறியும் மருத்துவரும் நிலவின் மற்றொரு குடியிருப்பான பெருநிலையத்தில்தான். அங்கே முப்பத்து மூவர் வாழ்கின்றனர். இங்கிருந்து இருபத்திரண்டு மணி நேரம். அவர்களை அழைக்கவும் தரையகத்தின் வழியே அல்லாமல் வேறு வழியில்லை.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு அமுக்கு. இடக்கையால் அமுக்கி வலக்கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணுவதைப் பொறுத்துக்கொள்க.

அவள் கேட்கிறாள். விரலால் என் மணிக்கட்டைத் தட்டுகிறாள். மாடத்தி, உனக்காகத்தான் உரக்கப் படித்தபடி எழுதுகிறேன். கேள். உன்னை நோய் வீழ்த்தவில்லை. எடை குறைத்தவன் வீழ்த்தினான். எழுத்தைச் சிறிதாக்கி அச்சிட்டவன் வீழ்த்தினான். பார்க்காமல் முத்திரையிட்ட நான் வீழ்த்தினேன். மூவரையும் உலகின்முன் நிறுத்த நீ உயிரோடு வேண்டும்.

நாள் 213. நேரம் 21:20. பேரூர்தி

தயாபரன்:

"டாக்டர், மருத்துவ ஊர்தி ரெடியா நிக்குது. ஒரு சின்ன விஷயம் மட்டும். பெருநிலையத்துல வதந்தி பரவியிருக்கு. அங்கயும் அதே தூள்தான், நூத்தம்பது பை இருக்கு. ஞாயித்துக்கிழமை மெனுவுல இருக்கு, யாரும் தொடமாட்டேங்கறாங்க. நீங்க உங்க வாயால, பொது அலைவரிசையில, ஒரு அறிக்கை படிக்கணும். 'பைகளை மின்கலத்துக்குப் பக்கத்தில் வெப்பத்தில் வைத்ததே காரணம், தூளில் குறையில்லை.' அவ்வளவுதான்."

"அவங்க எங்க வச்சாங்கன்னு நான் பாத்தேன் சார். சட்டப்படி எங்க வைக்கணுமோ அங்கதான் வச்சிருக்காங்க."

"இதுக்கு ஒத்துக்கலன்னா ஊர்திய அனுப்பறதுக்கு விசாரணைக் குழு கூடணும். அது ஆகும் ரெண்டு நாள்."

அமுக்குவதை நிறுத்தவில்லை. மூச்சுத்திணறும் பெண்ணை விலைப்பொருளாக வைத்துப் பேரம் பேசுகிறான். இறந்தவன் மீதே பழியைப் போடச் சொல்கிறான். வைத்தவன் தவறு, உண்டவன் தவறு, பசித்தவன் தவறு! சமைத்துக் கட்டிக்கொடுத்த பொய்க்கு மட்டும் தவறே இல்லை.

சேசுராசன் சுடலைமுத்துவின் தலையை மடியில் வைத்தபடி சொன்னது ஒலிவாங்கியிலும் பதிந்தது.

"ஒத்துக்கிடுங்கம்மா. மீரான் கோவிச்சிக்கிட மாட்டான். இந்தப் புள்ள மூச்ச மொதல்ல வாங்குவோம்."

எண்ணிப் பார்த்தேன். இன்று வெள்ளி. அவர்கள் உண்ணப்போவது ஞாயிறு. மருத்துவ ஊர்தி பதினைந்து மணி நேரம் ஓடிவிட்டால் திரும்பிச் செல்ல மின்கலத்தில் ஆற்றல் இராது. இக்களத்தின் மின்கம்பத்துக்கு வந்தே தீர வேண்டும். அதன்பின் எந்த ஆணையும் அதைத் திருப்பாது. அதுவரை இசைந்தவள்போல் இருப்பேன். அதன்பின் ஒலிவாங்கி என் கையில். வாசிப்பேன், அவன் எழுதியதை அன்று.

"சரி சார். ஊர்தி கௌம்பட்டும். எனக்கு இப்போ கை ஓயல, குரலும் சரியில்ல. நாளைக்கு மதியம் ஒரு மணிக்குப் படிக்கிறேன்."

"ஞாயிறுக்குள்ள படிச்சா சரி. நன்றி டாக்டர். நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு தெரியும்."

21:50. ஊர்தி புறப்பட்டது. மருத்துவர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர். பெருநிலையத்தின் நச்சுமுறி அனைத்தையும் எடுத்துவரச் சொன்னேன். எடுத்தனர்.

நாள் 214. நேரம் 05:30. பேரூர்தி

சுடலைமுத்துவின் மூச்சும் நின்றது. இரண்டாம் பை. சேசுராசன் அமுக்குகிறார். இனி மாற்றுக் கை இல்லை.

உறக்கம் வரும்போதெல்லாம் அவர் என்னைத் திட்டுகிறார், நான் அவரைத் திட்டுகிறேன்.

"டாக்டரம்மா, கண்ண மூடுனா பெறவு நான் வைக்கிற கொழம்ப ஒரு மாசம் குத்தம் சொல்லாம திங்கணும். அந்தத் தண்டனைக்குப் பயந்தாவது முழிச்சிக்கிடுங்க."

சிரித்தேன். மாடத்தியின் விரல் இருமுறை தட்டியது. அவளும் சிரித்தாள் எனக் கொள்கிறேன்.

ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஒரு மணிக்கு எழுநூற்று இருபது. கட்டைவிரலின் தோல் கிழிந்தது. கையுறை மாற்ற நேரமில்லை.

நாள் 214. நேரம் 13:00. பேரூர்தி

ஊர்தி பதினைந்து மணி நேரம் கடந்தது. ஓட்டுநர் உறுதி செய்தார்: "இனித் திரும்ப முடியாதுங்க, அங்க வந்துதான் சார்ஜ் போடணும்."

தயாபரன் பொது அலைவரிசையைத் திறந்தார். பெருநிலையம் முழுவதும் கேட்கிறது. சொன்னேன்:

"பெருநிலையத்து மக்களே! நான் பூங்கோதை. உங்கள் புளிச்சோற்றில் புளி இல்லை. நாவை ஏமாற்றும் தூள் இருக்கிறது. உயிரைக் காக்கும் அமிலம் இல்லை. அதன்மேல் உள்ள பதினான்கு நாள் பொய். அந்தப் பொய்யில் என் முத்திரையும் உண்டு. மீரான் இறந்துவிட்டார். இருவர் எங்கள் கைகளில் மூச்சு விடுகின்றனர். அவர்கள் பைகளை வைத்த இடத்தில் பிழையில்லை! தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமெனில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எவர் ஆணையிட்டாலும்..."

தரையகம் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றது. நாற்பது நொடியில் அலையை வெட்டினர். வெட்டட்டும். மெய் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கு ஒரு நாள் இருக்கிறது. முப்பத்தொரு பேர் பிழைத்தனர். எழுதும் இந்நொடியில் என் சினம் முதன்முறையாக

13:20

மருத்துவ ஊர்தி தன் நிலையத்தோடு பேசும் அலையை எங்களுக்கு இணைத்தது. பெருநிலையத்தின் தொடர்பாளர் பழனியாத்தாள் என்னைக் கேட்கிறாராம். அவர் சொன்னது:

"ஏனுங்க டாக்டர்... இத ஏனுங்க நேத்தே சொல்லல? தூள் நல்லதுன்னுதான் நீங்க படிக்கப்போறீங்கன்னு தரையகத்துல சொல்லிப்போட்டாங்க. டாக்டரே ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் என்ன ஞாயித்துக்கெழம வரைக்கும், பயம் தெளியட்டும்னு இன்னைக்கே போடச் சொன்னாங்க. பன்னெண்டு மணிக்குப் பந்தி. எல்லாரும் உண்டாச்சுங்க. நானும்தானுங்க. நல்லா... நல்லாப் புளிப்பா இருந்துச்சுங்க. இப்ப நாங்க என்னங்க பண்றது?"

முப்பத்தொரு பேர். பன்னிரண்டு மணி. நான் ஒலிவாங்கிக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரம்.

என் இசைவைக் காட்டித்தான் பரிமாறினர்.

மருத்துவர் அங்கே இல்லை. நச்சுமுறி ஒரு குப்பியும் அங்கே இல்லை. எல்லாம் இங்கே வருகிறது. திரும்ப இயலாத எல்லை கடக்கும்வரை வாயை மூடி எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

மீதமுள்ள பைகளை மூடி வைக்கச் சொன்னேன். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கச் சொன்னேன். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். வேறு எதுவும் எனக்குத்

அவர் கேட்கிறார், எத்தனை நாள் ஆனால் பயமில்லை என்று. நான்கு என்றேன். நாள் குறித்துக் கொடுக்கிறேன் மறுபடியும்

சேசுராசன் கை வழுக்குகிறது

மாடத்தி விரல் தட்டுகிறாள். அவள் எல்லாம் கேட்டாள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று